யாரும் எழுதாத பதிவு

ஊர்வாய் செயலி நெடுந்தேரிக்கு வந்த முதல் வாரம் முழுவதும் கேன்டீன் சாம்பாரைப் பற்றிய வசைதான் அதில் ஓடியது. அடுத்த வாரம் தலைமைப் பொறியாளரின் நாய் மாட்டிக்கொண்டது. அது யார் வீட்டு வாசலில் என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதை வருஷக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்துப் புழுங்கிய ஜனங்கள் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தார்கள். மறுநாளிலிருந்து நாய் சங்கிலியோடுதான் வெளியே வந்தது. செயலிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

நெடுந்தேரி, தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கட்டிய அனல்மின் நிலையக் குடியிருப்பு. ஏ டைப் வீடு பெரிய அதிகாரிகளுக்கு, பி டைப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும், சி டைப் மற்ற எல்லோருக்கும். வீட்டின் அளவை வைத்தே மனிதர்களின் அளவும் தீர்மானமாகிற ஊர். சி டைப்காரர் ஏ டைப்காரரிடம் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாக வேலைக்குப் போய்விட முடியாது.

மறைந்திருந்து சொல்லவும் வழியில்லாமல் போயிருந்தது. ஒருவர் எழுதும் நடையை வைத்தே, எந்தச் சொல்லை அடிக்கடி போடுகிறார், வாக்கியத்தை எங்கே முறிக்கிறார் என்று பார்த்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு, பொய்ப் பெயரில் எழுதிய பலர் வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்வாய் அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னது. நீங்கள் எழுதுவதை நாங்கள் அப்படியே போட மாட்டோம். எங்கள் இயந்திரம் அதைக் கரைத்து வேறு எழுத்தாக்கிவிடும். பெயர், உறவு எதுவும் மிஞ்சாது. நீங்கள் எழுதிய மூலம் அந்த நொடியே அழிந்துவிடும். நாடு முழுவதும் விடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஓர் ஊர் அந்தக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது. நிர்வாகம் நெடுந்தேரியைத் தூக்கிக் கொடுத்தது.

தங்கபுஷ்பம் குடியிருப்பு மருத்துவமனையில் மருந்தாளுநர். அவள் கையால் மாத்திரை வாங்காதவர் ஊரில் இல்லை. யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தூக்கம் வராது, எந்த அதிகாரிக்கு எந்த இடத்தில் படை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரிந்ததை வெளியே விடாதவள் என்று நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் பின்னால் வினையாக முடிந்தது.

அவள் கணவர் பொன்னுலிங்கம் கொதிகலன் பிரிவில் ஆபரேட்டர். ஒரே மகள் அபர்ணா பன்னிரண்டாம் வகுப்பு. அவளைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகத் தங்கபுஷ்பத்துக்கு மனசு சரியில்லை.

நெடுந்தேரியில் ஒரு பழக்கம் உண்டு. நிலையத்திலிருந்து திரும்புகிறவர்கள் வாசல் குழாயில் முகம் கை கால் கழுவாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. உடம்பெல்லாம் சாம்பல் அப்பியிருக்கும். பொன்னுலிங்கம் குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்தாரென்றால் காறிக் கொப்பளித்து நிமிர வெகு நேரமாகும். அது சரி. கணக்கு டியூஷனுக்குப் போய்விட்டுச் சைக்கிளில் வருகிற பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது சாம்பல்? அபர்ணாவும் அந்தக் குழாயடியில் நின்று முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எவ்வளவு கழுவியும் கண் வீக்கம் போகவில்லை.

"என்னட்டி, அழுதியா?"

"தூசி."

"தூசி தினமுமா வந்து உன் கண்ணுல விழுது?"

அறைக்கதவு சாத்திக்கொண்டது. இப்படியே எத்தனையோ சாயங்காலம். பொன்னுலிங்கத்திடம் சொன்னால் அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வயசுப் பிள்ள. பரீட்சைப் பயமா இருக்கும். சும்மா நோண்டிக்கிட்டு இருக்காத."

வேறு யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டில் கேட்டால் பொழுது சாய்வதற்குள் கடைசி வரிசை வரைக்கும் போய்விடும். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், மருந்தகக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தங்கபுஷ்பம் ஊர்வாயைத் திறந்தாள். 'என் மகள் டியூஷன் விட்டு வந்ததும் வாசல் குழாயில் முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். அழுதிருக்கிறாள் என்று தெரிகிறது. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் என்ன செய்ய?' என்று எழுதி அனுப்பினாள். 'உங்கள் குரல் ஊரோடு சேர்ந்தது' என்று பதில் வந்தது.

மறுநாள், வளர்ந்த பெண் பிள்ளைகள் பெற்றவர்களிடம் ஏன் வாயே திறப்பதில்லை என்று ஒரு பதிவு வந்திருந்தது. அதுதான் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டாள். அதன் கீழே ஊரே கூடி ஆறுதல் சொல்லியிருந்தது. 'புது போன் வாங்கிக் கொடுங்கள், வாய் தானாகத் திறக்கும்' என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தாள். மனசு கொஞ்சம் லேசானது.

அந்த வாரக் கடைசியில் வேறொரு பதிவு வந்தது.

'டியூஷன் முடிந்து மற்ற பிள்ளைகள் போன பிறகு ஒரு மாணவி மட்டும் அவர் அறையில் இருக்கிறாள். அழுகிறாள். வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயில் முகம் கழுவிய பிறகே உள்ளே நுழைகிறாள். கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அவர் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.'

தங்கபுஷ்பம் அதை இரண்டாம் முறையும் படித்தாள். டியூஷன் என்றால் நெடுந்தேரியில் சங்கரநயினார் சார் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி இறந்த பிறகு பி டைப் வீட்டில் தனியாக இருக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டுச் சாயங்காலங்களில் பாடம் எடுக்கிறவர். அந்தப் பதிவில் தன் வரி இருப்பதாக அவள் நினைக்கவே இல்லை. தன் வரிதான் ஏற்கெனவே வந்துவிட்டதே. இன்னொரு வீட்டிலும் ஒரு பெண் இதேபோல முகம் கழுவிவிட்டு உள்ளே வருகிறாள் என்றுதான் படித்தாள். இரண்டு பெண்கள், ஒரே டியூஷன், ஒரே மாதிரி வீங்கிய கண். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் அபர்ணாவைச் சைக்கிளை எடுக்கவிடவில்லை.

"சார் உன்னைய ஏதாவது..."

"சீ, என்னம்மா பேசுத? சார் அப்படிப்பட்டவர் இல்ல."

"பெறகு எதுக்குட்டி அழுத?"

அபர்ணா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. ஹாலில் பொன்னுலிங்கம் தொண்டையைச் செருமினார். பெண் விறுவிறுவென்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மிரட்டி வைத்திருக்கிறான் படுபாவி என்று தங்கபுஷ்பம் முடிவு கட்டினாள்.

மறுநாள் மருந்தகத்துக்கு பத்மஜா மேடம் வந்தாள். தலைமைப் பொறியாளரின் மனைவி, மகளிர் மன்றத் தலைவி, அந்த நாயின் சொந்தக்காரி. கால்வலித் தைலம் வாங்குகிற சாக்கில் குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கம், அந்தப் பதிவு நிஜமா இருக்குமா? யாராவது விளையாடுறாங்களோன்னு பார்க்கிறேன். பாவம், வயசான மனுஷன்."

"நிஜம்தான் மேடம்."

"உங்களுக்கு எப்படி..."

"எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அபர்ணாவின் பெயர் வெளியே வந்துவிடும். தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டாள். பத்மஜா மேடம் அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் அடுக்கியிருந்த மருந்துகளைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் ஒரே பேச்சு. மருந்தகத்துத் தங்கத்துக்கே தெரியுமாம். ஏதோ ஒரு பெண் கருவைக் கலைக்க மாத்திரை வாங்க வந்தாளாம். தங்கம் நல்லவள், அதனால் பெயரைச் சொல்லமாட்டேன் என்கிறாளாம்.

இந்தப் பேச்சு மறுநாள் அவள் காதுக்கே வந்தது. அப்படி எந்தப் பெண்ணும் வரவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்படியும் தப்புச் செய்தவன்தானே, கூட ஒரு பொய் ஒட்டிக்கொண்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். தங்கபுஷ்பம் கெட்டவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் செய்தது கெட்ட காரியம். அதை மழுப்பிச் சொல்ல வழியில்லை.

பள்ளிக்கூடம் சங்கரநயினார் சாரை இடைநீக்கம் செய்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. எந்தப் பிள்ளையும் புகார் சொல்லவில்லை. புகார் சொல்லாததே பெரிய சாட்சியாகப் போய்விட்டது. எவ்வளவு பயமுறுத்தி வைத்திருந்தால் ஒன்றுகூட வாய் திறக்காது என்றார்கள். பால்காரர் அவர் வீட்டைத் தாண்டிப் போனார். கொட்டகையின் சுவரில் யாரோ கரியால் கிறுக்கினார்கள்.

ஒரு நாள் அவர் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வரிசையில் வந்து நின்றார். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் ஒதுங்கிக்கொள்ள, ஓர் ஆள் வரிசையாக அவர் மட்டும் கவுன்டருக்கு எதிரே நின்றார். முகச்சவரம் செய்துகொள்ளவில்லை. சட்டை மட்டும் எப்போதும்போல இஸ்திரி போட்டிருந்தது.

"அபர்ணா எப்படிம்மா இருக்கா? படிக்கிறாளா?" என்று மெல்லக் கேட்டார்.

தங்கபுஷ்பம் மாத்திரை அட்டையைக் கவுன்டரில் விட்டெறிந்தாள்.

"அவ பேரை உங்க வாயால சொல்லாதீங்க."

அவர் உதடு அசைந்தது. ஒதுங்கி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

ஊர்வாய்க் கம்பெனியிலிருந்து வந்த நவநீதன் என்ற இளைஞன், மகளிர் மன்றத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தான். சமோசாவும் தேநீரும் கொடுத்து, செயலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். ஊரில் ஒளிந்திருந்த ஓர் அயோக்கியனைக் காட்டிக்கொடுத்ததே, இதைவிட என்ன வேண்டும் என்றாள் பத்மஜா மேடம். கூட்டம் கலைந்த பிறகு தங்கபுஷ்பம் அவனிடம் போனாள். அவள் மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்த இன்னொரு தாய் யார் என்று தெரிந்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.

"தம்பி, நாங்க எழுதறதை வேற வார்த்தையில மாத்திப் போடும், அவ்வளவுதானே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் செஞ்சோம் மேடம். அது போதலை. வார்த்தையை மாத்தினாலும் யோசிக்கிற விதம் ஒட்டிக்கிட்டே வருது, அதை வச்சு ஆளைப் பிடிச்சிடறாங்க. அதான் இப்போ கலவை."

"கலவைன்னா?"

"மூணு பேர் எழுதினதைச் சேர்த்துத்தான் ஒரு பதிவு வரும். இதை யார் எழுதினாங்கன்னு நாளைக்குக் கோர்ட்டே கேட்டாலும், ஒருத்தரும் எழுதலைன்னு நாங்க தைரியமா சொல்லலாம். நிபந்தனைகள்ல போட்டிருக்கோமே, படிக்கலையா?"

தங்கபுஷ்பம் இன்னும் நெருங்கி வந்தாள்.

"எந்த மூணு பேர்?"

"அதை மெஷின்தான் எடுக்கும். சம்பந்தமில்லாம சேர்த்தா படிக்க நல்லா இருக்காதில்ல? அதனால ஒரே மாதிரி விஷயம், ஒரே மாதிரி வருத்தம் இருக்கிறதா பார்த்துச் சேர்க்கும். அப்பா, அம்மா, பையன்னு அடையாளம் காட்டுற உறவு இருந்தா, பெரும்பாலும் எடுத்துட்டு அவர், அவள்னு போட்டுடும்."

"மூணு பேரும் வேற வேற ஆளைப் பத்தி எழுதியிருந்தா?"

"இருக்கலாம். ஒரே ஆளைப் பத்தியும் இருக்கலாம். எங்களுக்கே தெரியாது மேடம். தெரியாம இருக்கிறதுதான் இதோட சிறப்பே."

"அந்த வாத்தியார் பத்தின பதிவுல மூணு பேர் என்ன எழுதினாங்கன்னு பார்க்க முடியுமா?"

"அழிஞ்சாச்சு. அதெல்லாம் எழுதின நொடியிலயே போயிடும். யார் நெனச்சாலும் எடுக்க முடியாது."

அவன் குரலில் உண்மையான பெருமை இருந்தது. சமோசா ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தாள்.

அப்படியானால் குழாயடியில் முகம் கழுவுகிற இன்னொரு பெண் அந்த ஊரில் இல்லை. அவள் பார்த்து அதிர்ந்துபோனது அவள் எழுதிய வரியைத்தான். அதற்கு மேலும் கீழும் இருந்த வரிகள் யாருடையவோ. எந்த வீட்டில், எந்தக் கஷ்டத்தில் எழுதியவையோ. சத்தியம் வாங்கிய 'அவர்' யாரோ ஒருத்தியின் புருஷனாகக்கூட இருக்கலாம். இந்த மூன்றையும் ஒட்டவைத்த பிசின், 'எனக்குத் தெரியும்' என்று அவள் சொன்ன ஒற்றை வார்த்தைதான்.

மன்றத்தில் எழுந்து நின்று, அந்தக் குழாயடி வரி என்னுடையது, எனக்கு வேறொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொன்ன மறுகணம் அபர்ணாவின் பெயர் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் நடக்கவில்லை என்று எத்தனை சத்தியம் செய்தாலும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் வீடு வரைக்கும் அந்தப் பேச்சு வரும். தங்கபுஷ்பம் மூன்று நாள் சோறு இறங்காமல் தவித்தாள். சார் முகமும் பெண் முகமும் மாறி மாறி வந்தன.

கடைசியில் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தாள். ஊர்வாயிலேயே உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? ஒரே விஷயத்தை எழுதுகிறவர்களைத்தான் சேர்க்கும் என்றானே அந்தப் பையன். மற்ற இரண்டு பேருக்கும் மனசாட்சி உறுத்தாமலா இருக்கும்? அவர்களும் இதையே எழுதினால் மூன்று உண்மையும் ஒன்றாக வந்துவிடுமே. இது நடக்கிற காரியமா என்று அவளுக்கே சந்தேகம்தான். வேறெதற்கும் துணிச்சல் இல்லாததால் இதை நம்பினாள்.

'அந்தப் பதிவில் குழாயடி வரி என் மகளைப் பற்றி நான் எழுதியது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது தப்பு. ஆசிரியர் எந்தக் குற்றமும் செய்ததாக எனக்குத் தெரியாது. மீதி இரண்டு பேரும் வெளியே வந்து உங்கள் வரியைச் சொல்லுங்கள். ஒரு மனிதரின் வாழ்க்கை இதில் இருக்கிறது.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்வாயில் இப்படி வந்தது.

'அந்தப் பதிவில் இருப்பது என் மகள்தான். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது என் தப்பு. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களும் வெளியே வர வேண்டும். அவன் வாழ்க்கையைப் பார்த்தால் நம் பிள்ளைகளின் வாழ்க்கை என்ன ஆவது? இனியும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நாம் மனிதர்களே இல்லை.'

தங்கபுஷ்பத்துக்கு அன்று ஞாயிற்றுக்கிழமைப் பணி. மருந்தகத்தைத் திறந்து, போனை எடுத்துப் படித்து முடிப்பதற்குள் பி டைப் பக்கம் சத்தம் கேட்டது. ஓடுகள் நொறுங்குகிற மாதிரி சத்தம். செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஓடிப் போய்க் கத்தியிருக்க வேண்டும். அவள் படியைவிட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காவலர் ஜீப் வந்து நின்றது. சங்கரநயினார் சாரை இரண்டு பேர் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். தலையின் ஒரு பக்கம் சட்டைக் காலர் வரைக்கும் சிவப்பாக இருந்தது. கொட்டகையைப் பிரித்தபோது கல் பட்டதாகச் சொன்னார்கள். எறிந்தது யார் என்று கேட்டதற்கு அத்தனை பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

டாக்டருக்கு விடுமுறை. நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஓடினாள். தங்கபுஷ்பம் பஞ்சை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அம்மா, அதுல ஒரு வரி நான் எழுதினது."

"பேசாதீங்க சார்."

"சொல்லிடறேன். எல்லாரும் போனப்புறம் உங்க பிள்ள மட்டும் உக்காந்து அழுவா. வீட்டுல அழ முடியாது சார், இங்க கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்னு சொல்லுவா. ஏன்னு கேட்டா சொல்லமாட்டேன்னுட்டா. நான் தனி ஆளு. பொம்பளப் பிள்ள அழுதா நான் யாரைப் போய்க் கேக்கறது? அதுலதான் கேட்டேன். ஒரு மாணவி இப்படி அழறா, நான் என்ன செய்யணும்னு."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"அந்த ஒரு வரி என்னோடதுன்னு சொன்னா, மிச்ச வரியெல்லாம் பொய்யின்னு யாரும்மா நம்புவாங்க?"

அவள் கையில் பிடித்திருந்த பஞ்சு முழுக்க நனைந்துவிட்டது. வேறொன்றை எடுத்தாள். வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. அபர்ணா கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், என்னாலதான் சார். நான் எழுதினதும் அதுல இருந்துச்சு."

"நீ என்னட்டி எழுதின?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அந்தக் கடைசி வரி. அம்மாட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருன்னு."

"யாரு?"

அபர்ணா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கபுஷ்பம் ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டே மறு கையால் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருட்டி? சொல்லு."

"அப்பா."

"அப்பாவா?"

"அப்பாவுக்கு நுரையீரல்ல கட்டிம்மா. ரத்தமா துப்புறாவ. நான் பாத்துட்டேன். நாகர்கோவில்ல போய் ரகசியமா காட்டுதாவ. இங்க காட்டினா ஆபீசுக்குத் தெரிஞ்சிரும், அன்ஃபிட்னு எழுதிருவாங்க, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க, உன் பரீட்சை முடியட்டும்னாவ. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒரு நாள் சும்மா இருக்கமாட்டா, அதனால மூச்சு விடாதன்னாவ. சாமி படத்துல அடிச்சு சத்தியம் வாங்கினாவ." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது என் வரின்னு எனக்குத் தெரியும்மா. அதைச் சொன்னா அப்பாவைச் சொல்லணுமே."

சங்கரநயினார் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா பிள்ள அழுத?" என்றார். அவர் முகத்தில் வலியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. இத்தனை நாள் பிடிபடாத கணக்குக்கு விடை தெரிந்தவர்போல லேசாகத் தலையை அசைத்தார். பிறகு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

தங்கபுஷ்பம் ரத்தம் காயாத கையோடு மருத்துவமனை வாசலுக்கு வந்தாள். மன்றத்துப் பெண்கள், காவலர்கள், கல் எறிந்த கை, எறியாத கை எல்லாம் அங்கே கூட்டமாக நின்றன. இனி மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"அது நான் எழுதினது. அந்தப் பதிவுல இருந்தது என் பொண்ணு. சார் ஒரு தப்பும் பண்ணல. என்கிட்ட எந்தப் பொண்ணும் மாத்திரைக்கு வரல. எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியும்னு நான்தான் பொய் சொன்னேன்."

பத்மஜா மேடம் மட்டும் முன்னால் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"எங்களுக்குப் புரியுது தங்கம். பெத்தவ வேற என்ன சொல்லுவா? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க பொண்ணு பேரு எங்க வாயிலேருந்து வராது."

தங்கபுஷ்பம் இல்லை இல்லை என்று கத்தினாள். கத்தக் கத்த, பாவம், அதிர்ச்சி என்று அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் திருநெல்வேலிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சங்கரநயினார் சார் இறந்துவிட்டதாக மதியம் செய்தி வந்தது. அதைக் கேட்டு, அபர்ணாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள் ஒரு பெண், நியாயம் கிடைத்துவிட்டது என்கிற மாதிரி.

விசாரணை அதிகாரிகள் பின்னாளில் ஊர்வாயிடம் கேட்டார்கள். அந்தப் பதிவை எழுதியது யார் என்பதை எந்த வழியிலும் கண்டறிய முடியாது என்று கம்பெனி பதில் தந்தது. சோதனை முழு வெற்றி என்று நவநீதனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகச் சொன்னார்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்ததற்கான சங்கு ஊதியபோது தங்கபுஷ்பம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அபர்ணா உள்ளே கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பொன்னுலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊர்ச் செய்தி எதுவும் அவருக்கு இன்னும் எட்டவில்லை போலிருந்தது. டிபன் தூக்கைப் படியில் வைத்துவிட்டு, வழக்கம்போல நேராகக் குழாயடிக்குப் போனார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் குனிந்தார்.

இத்தனை மாதமும் அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான் அது. சாம்பலைக் கழுவுகிறார் என்று நினைத்துக் காப்பிக்குப் பால் வைப்பாள். இன்றைக்கு எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். சிமென்ட் தளத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் காலால் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"சாம்பல் புள்ள. இன்னைக்கு ரொம்ப."

தங்கபுஷ்பம் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.